லாஃபயட் பார்க் பிழைச்சது மீஸ் பேராலயா?

கேள்வி, ஜனவரி 6, 2024

மொத்தமா திட்டம் போட்டு கட்டின நவீனக் குடியிருப்பு எல்லாமே தோத்துப்போன கதைதான். செயின்ட் லூயிஸ்ல ப்ரூயிட்-ஐகோங்கிற அடுக்குமாடிக் குடியிருப்பை வெடி வச்சே தகர்த்தாங்க. டெட்ராய்ட் லாஃபயட் பார்க் மட்டும் தப்பிச்சுதுன்னா அது மீஸ் வான் டெர் ரோஹேங்கிற கட்டடக்கலைஞர் பேருக்காக பணக்காரங்க பொத்திப் பொத்தி வச்சிருக்கிற மியூசியம். மத்தபடி மனுஷன் குடியிருக்கற இடமா அது? அங்க இருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஜனவரி 6, ராத்திரி

இருக்கேன். எட்டாவது குளிர்காலம் ஓடுது. எங்க வரிசையில ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருத்தர், ரெண்டு டீச்சர், ஒரு நர்ஸ், அப்புறம் கட்டடக்கலை படிச்சிட்டு அதைத் தவிர வேற எதையும் பேசத் தெரியாத ஒருத்தர். பணக்காரன்னு சொல்லணும்னா அந்தக் கடைசி ஆளோட நாற்காலிங்கதான் பணக்கார நாற்காலி. நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

ஜனவரி 7

சரி, முதல்ல ஊர் நிலவரம் புரியணும். டெட்ராய்ட்ல 1950-ல 18 லட்சத்து 49 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்புல 6 லட்சத்து 39 ஆயிரம். மூணுல ரெண்டு பங்கு ஜனம் கிளம்பிப் போயாச்சு. நடுவுல 1967 கலவரத்துல 43 உயிர் போச்சு, 2013 ஜூலையில மாநகராட்சியே மஞ்சக் கடுதாசி குடுத்துச்சு. இந்த ஊர்ல, டவுன்டவுனுக்கு கிழக்கால நடந்து போற தூரத்துல, 1958 வாக்குல ஆரம்பிச்சு 186 டவுன்ஹவுஸ், அதாவது ஒட்டி ஒட்டி வரிசையா நிக்கற வீடு, கட்டினாங்க, அதுல இன்னிக்கும் ஆள் குடியிருக்காங்க. நான் வந்ததுலேர்ந்து ஜன்னல்ல பலகை அடிச்ச வீடு ஒண்ணுகூட இந்த வரிசைங்கள்ல பார்க்கல. ரெண்டு மைல் தள்ளி கார்ல போனா தெருவுக்கு நாலு வீடு அப்படித்தான் நின்னுச்சு நான் வந்த புதுசுல.

ஏன்னு கேட்டா எல்லாரும் மீஸ் மீஸ்னு மந்திரம் மாதிரி சொல்லுவாங்க. என் பதில் வேற. கூட்டுறவு. அவ்வளவுதான். இங்க டவுன்ஹவுஸ் எதுவும் யாருக்கும் தனித்தனியா பட்டா போட்ட வீடு கிடையாது. நாலு கூட்டுறவுச் சங்கம், அதாவது கோ-ஆப், இருக்கு, நிலமும் கட்டடமும் கோ-ஆப் பேர்ல, நமக்கு இருக்கறது பங்கு, அந்தப் பங்கோட கூட இந்த வீட்டுல இருக்கற உரிமை. மாசாமாசம் கட்டணம் கட்டணும், அந்தப் பணத்துலதான் கூரை, வெளிச்சுவர், தோட்டம், பனி வாரறது, சொத்து வரி எல்லாம் போகுது.

இதுல என்ன பெருசுன்னா, சாதாரணத் தெருவுல ஒருத்தன் கடன் கட்ட முடியாம வீட்டை விட்டுட்டுப் போனா ஒரு குளிர்காலத்துக்குள்ள குழாய் வெடிக்கும், செம்புக் குழாயை எவனாவது உருவிட்டுப் போவான், அடுத்த வருஷம் கூரை ஒழுகும், அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரனும் யோசிக்க ஆரம்பிச்சிடுவான். இங்க ஒருத்தர் போனா பங்கு கோ-ஆப்புக்கு திரும்புது, ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், புல்லை வெட்டறவன் அந்த வீட்டு முன்னாடியும் வெட்டிட்டுத்தான் போவான். வாசல்ல நின்னு பார்த்தா எந்த வீட்டுல ஆள் இல்லன்னு கண்டுபிடிக்க முடியாது. ஒரு வீடு அழுகி தெருவே அழுகறது இங்க நடக்கல, அதுக்குக் காரணம் வடிவமைப்பு இல்ல, கணக்குப் புத்தகம்.

ஜனவரி 7, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒரு திருத்தம். 186-ம் ஒரே மாதிரி வீடுன்னு நினைச்சிடாதீங்க. 162 வீடு கீழ்தளமும் ஒரு மாடியும் உள்ளது. பாக்கி 24 தரையோட தரையா மாடி இல்லாத வீடு, ஒவ்வொண்ணுக்கும் செங்கல் மதில் வச்ச முற்றம் உண்டு. ஆமா, முற்றம். பெர்லின்ல மீஸ் 30-கள்ல முற்றம் வச்ச வீடா வரைஞ்சு தள்ளிக்கிட்டிருந்தார், பெரும்பாலும் காகிதத்தோட நின்னுபோச்சு, இங்க வந்து 24 கட்டினார். அந்த வீட்டுங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமை, எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறணும்.

இன்னொண்ணு, டவுன்ஹவுஸ் தவிர 22 தளத்துல மூணு டவர் இருக்கு, பெவிலியன் 1958, ஜோடி டவர் 1963. அது வாடகை வீடு, அந்தக் கதை தனி, நான் சொன்ன கோ-ஆப் கணக்கு அதுக்குப் பொருந்தாது.

ஜனவரி 9

"குளிருக்கு கண்ணாடி வீடு தாங்குமா"ன்னு ஒருத்தர் நக்கலா கேட்டிருக்கார். நியாயமான நக்கல். பதில்: தாங்கும், நாமதான் தாங்கணும்.

முன்பக்கமும் பின்பக்கமும் தரையிலேர்ந்து கூரை வரை கண்ணாடி. அலுமினியச் சட்டம். 1958-ல போட்டது ஒத்தைக் கண்ணாடி, பல வீட்டுல இன்னும் அதேதான். சட்டத்துல உள்பக்க உலோகத்துக்கும் வெளிப்பக்க உலோகத்துக்கும் நடுவுல குளிரைத் தடுக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, அந்தக் காலத்துல அதை யாரும் யோசிக்கல, எண்ணெய் விலை அப்படி. அதனால வெளிய மைனஸ் பதினஞ்சுன்னா சட்டமும் கிட்டத்தட்ட அதே குளிர்ல இருக்கும், சமைச்சா குளிச்சா வர்ற ஈரம் எல்லாம் அதுல போய் உக்காரும், காலையில கீழ்ச்சட்டத்துல தண்ணி வரிசையா முத்து கோத்த மாதிரி நிக்கும். துண்டு வச்சு துடைக்கறது எங்க வீட்டுல பல்லு விளக்கற மாதிரி தினசரி வேலை.

இப்ப என் முட்டாள்தனத்தை சொல்றேன், யாராவது உருப்படுங்க. வந்த முதல் குளிர்காலம் ஹீட்டிங் பில்லைப் பார்த்து பயந்து வெப்பத்தைத் தடுக்கற ஃபிலிம் வாங்கி, சோப்புத் தண்ணி அடிச்சு, நானே கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். யாரையும் கேக்கல. பத்து நாள் பெருமையா திரிஞ்சேன். ஒரு நாள் காலையில நல்ல வெயில், வெளிய உறையற குளிர், காபியோட சோபால உக்காந்திருக்கேன், டக்குனு ஒரு சத்தம், யாரோ விரலை சொடுக்கின மாதிரி. அவ்வளவுதான் சத்தம். பார்த்தா கீழ் ஓரத்துலேர்ந்து ஒரு கோடு கிளம்பி வளைஞ்சு வளைஞ்சு ஆள் உயரத்துக்கு மேல போயிருக்கு. ஃபிலிம் வெயிலைப் பிடிச்சு கண்ணாடியோட நடுப்பகுதியை சூடாக்குது, ஓரம் சட்டத்துக்குள்ள குளிர்ல கிடக்கு, நடு விரிய பார்க்குது ஓரம் விடமாட்டேங்குது, எங்கயாவது ஓரத்துல சின்ன சில்லு இருந்தா அங்கேர்ந்து விரிசல். அது எனக்கு அப்புறம் கண்ணாடி மாத்த வந்தவர் சொல்லித்தான் தெரியும். "ஒட்டினது யாரு"ன்னு கேட்டார். நான் என் கையில இருந்த காபியைப் பார்த்தேன்.

அந்த செலவு முழுக்க என் தலையில. கோ-ஆப் விதி அது, நீயே உடைச்சா நீயே கட்டு.

ஜனவரி 16

இன்னிக்கு வெளிய பயங்கரக் குளிர், துடைக்க துண்டு ரெண்டு தேவைப்பட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல.

ஜனவரி 17

ப்ரூயிட்-ஐகோ பத்தி. கேள்வி கேட்டவர் ரெண்டையும் ஒரே தட்டுல வச்சிருக்கார், அதனால சொல்லணும். அது 11 தளம் வச்ச 33 கட்டடம், 50-கள் நடுவுல முடிஞ்சுது, 1972-ல வெடி வைக்க ஆரம்பிச்சாங்க. வடிவமைச்சவர் மினோரு யமசாகி, பின்னாடி நியூயார்க் ரெட்டைக் கோபுரம் கட்டினவர். பாவம், அவர் கட்டினது விழறதை உலகமே ரெண்டு தடவை டிவியில பார்த்துச்சு. அவருக்கும் எங்க இடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு, மீஸ் வர்றதுக்கு முன்னாடி இந்த நிலத்துக்கு யமசாகியும் ஆஸ்கர் ஸ்டோனோரோவும் விக்டர் க்ரூயனும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டாங்க, அது நடக்கல. க்ரூயன் யாருன்னா அமெரிக்காவுக்கு ஷாப்பிங் மாலைக் குடுத்தவர்.

அதனால "யமசாகி மோசம், மீஸ் மேதை"ன்னு கதை கட்டறது சுலபம். ஆனா ப்ரூயிட்-ஐகோல பராமரிப்புக்கு பணம் வாடகையிலேர்ந்து வரணும்னு வச்சிருந்தாங்க. இருந்தவங்க எல்லாம் கூலி ஜனம், ஊர்லேர்ந்து வேலையும் ஆளும் வெளிய போக போக வாடகை வரவு குறைஞ்சுது, லிஃப்ட் நின்னா நின்னதுதான். அங்க மீஸே கட்டியிருந்தாலும் லிஃப்டுக்கு மீஸ்னு தெரியவா போகுது. நான் சொன்ன கணக்குப் புத்தகம் இதுதான்.

ஜனவரி 18

ரெண்டு பேர் அடிச்சுச் சொல்றாங்க, கூட்டுறவுன்னா மட்டும் போதுமா, அந்தக் கட்டணம் கட்டற அளவுக்கு வசதி இருக்கறவங்கதானே வந்தாங்கன்னு. சரிதான். ஒத்துக்கறேன். கட்டணம் கட்ட முடிஞ்சவங்களை சேர்த்துக்கிட்டு "பாருங்க எங்க கட்டணம் ஒழுங்கா வருது"ன்னு பெருமைப்பட்டா சிரிக்கத்தான் செய்வாங்க. அதோட இன்னொரு ஆபத்தும் இருக்கு, பாதி பேர் ஒரே நேரத்துல போயிட்டா மீதி பேர் தலையில முழு சுமையும் விழும், கோ-ஆப்பே கவிழும். இங்க அது நடக்கல. ஏன் நடக்கலங்கறதுக்கு பதில் கணக்குப் புத்தகத்துல இல்லன்னு எனக்கே இப்ப தோணுது.

ஜனவரி 21

இதை முதல் நாளே எழுதியிருக்கணும், தள்ளிப் போட்டேன்.

நான் இருக்கற நிலத்துக்கு பேர் ப்ளாக் பாட்டம். கறுப்பர்கள் இருந்ததால வந்த பேர்னு பலர் நினைக்கறாங்க, இல்ல, பழைய பிரெஞ்சு விவசாயிங்க காலத்துல கரிசல் மண்ணைப் பார்த்து வச்ச பேர். பின்னாடி தெக்கத்தி மாநிலங்கள்லேர்ந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த கறுப்பர்களுக்கு ஊர்ல வேற எங்கயும் வீடு குடுக்காததால இங்கதான் அடைச்சாங்க. வீடு நெருக்கடி, குளிருக்கு சரியில்ல, எல்லாம் உண்மை. அதே நேரத்துல ஹேஸ்டிங்ஸ் தெருவுல கடை, ஆஸ்பத்திரி, சர்ச், ப்ளூஸ் பாட்டு கிளப் எல்லாம் அவங்களோடது. குத்துச்சண்டை ஜோ லூயிஸ் வளர்ந்த இடம் இது. டெட்ராய்ட்டோட முதல் கறுப்பின மேயர் கோல்மன் யங் வளர்ந்த இடமும் இதே.

1946-லயே இதை இடிக்க மாநகரம் திட்டம் போட்டாச்சு. 1949 வீட்டுவசதிச் சட்டம் வந்ததும் மத்திய அரசுப் பணம் கிடைச்சுது, ஆல்பர்ட் கோபோ மேயரானதும் வேகமா இடிச்சாங்க. வாடகைக்கு இருந்தவங்களுக்கு மாற்று வீடுன்னு உருப்படியா ஒண்ணும் இல்ல. இடிச்சதுக்கப்புறம் கட்டறதுக்கு ஆள் வரல, வருஷக்கணக்கா நிலம் களை மண்டிக் கிடந்துச்சு, ஊர் ஜனம் அதுக்கு களைக்காடுன்னு பட்டப்பேர் வச்சாங்க. ஹேஸ்டிங்ஸ் தெரு மேல கிரைஸ்லர் ஃப்ரீவே போட்டாங்க. கிளம்பினவங்கள்ல நிறைய பேர் 12-வது தெரு பக்கம் போய் நெருக்கியடிச்சு இருந்தாங்க. 1967 கலவரம் எங்க ஆரம்பிச்சுது? 12-வது தெருவுல.

போன வருஷம் பஸ் ஸ்டாப்ல ஒரு பெரியம்மா. எண்பதுக்கு மேல இருக்கும். இங்கயா இருக்கேன்னு கேட்டாங்க, ஆமான்னேன், எந்த வரிசைன்னு கேட்டாங்க, கை காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துட்டு, "அந்த பார்க்கிங் இருக்குல்ல, அதுக்கு இந்தப் பக்கம் எங்க வீட்டு அடுக்களை"ன்னாங்க. கோபமா சொல்லல. வழி சொல்ற மாதிரி சொன்னாங்க. பஸ் வந்துடுச்சு.

ஜனவரி 22

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு "அப்ப நீங்க அங்க இருக்கறதே தப்பா"ன்னு ஒருத்தர். தெரியல சார். நான் விட்டுட்டுப் போனா அந்த அம்மாவுக்கு அடுக்களை திரும்பக் கிடைக்காது. ஆனா "வெற்றிகரமான நகர்ப் புதுப்பிப்பு"ன்னு இந்த இடத்தைப் பத்தி யாராவது சொல்லும்போது எனக்கு உள்ள ஒண்ணு இழுக்கும், அது அந்த பஸ் ஸ்டாப்புக்கு அப்புறம் வந்தது.

ஒண்ணு சேர்த்துக்கணும். கட்டினப்ப இங்க வெள்ளைக்காரன் கறுப்பன்னு பார்க்காம வீடு குடுத்தாங்க, அந்தக் காலத்து டெட்ராய்ட்ல அது சின்ன விஷயம் இல்ல, இன்னிக்கும் எங்க வரிசையில ரெண்டும் கலந்துதான் இருக்கு. ஆட்டோ தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் இந்த நிலத்துல ஏதாவது நடக்கணும்னு முட்டினவங்கள்ல ஒருத்தர், எல்லா இனத்துக்கும்னு சொன்னதும் அவர் பக்கத்துலேர்ந்துதான். இடிச்சதை இது சரிக்கட்டாது. ரெண்டுமே நடந்தது.

ஜனவரி 22, மறுபடி

அந்த ஃப்ரீவே விஷயம்: ஐ-375-ங்கற அந்தத் துண்டு, ஒரு மைல் நீளம் இருக்கும், பள்ளத்துல ஓடுது. அதை மூடி சாதாரண ரோடா மாத்தறதுக்கு 2022-ல மத்திய அரசு 10 கோடியே 46 லட்சம் டாலர் ஒதுக்குச்சு. ஹேஸ்டிங்ஸ் தெருவைப் புதைக்கவும் அரசுப் பணம், தோண்டவும் அரசுப் பணம். எங்க பில்டிங்ல இதுக்கு ரெண்டு கட்சி, சத்தம் தூசின்னு ஒரு கட்சி, நடந்தே டவுன்டவுன் போகலாம்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது, முழங்காலோட சேர்த்து.

பிப்ரவரி 3

இன்னிக்கு தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு. இந்த இடத்தைக் கட்டின டெவலப்பர் ஹெர்பர்ட் க்ரீன்வால்ட், சிகாகோக்காரர், மீஸோட லேக் ஷோர் டிரைவ் கண்ணாடி டவர்களுக்கும் பணம் திரட்டினவர் அவர்தான். 1959 பிப்ரவரி 3 நியூயார்க் லகார்டியா பக்கம் விமானம் ஆத்துல விழுந்து செத்துப்போனார். அதே நாள் அயோவால நடந்த இன்னொரு விமான விபத்துல பாடகர் பட்டி ஹாலி செத்தார், அமெரிக்கா முழுக்க அதைத்தான் ஞாபகம் வச்சிருக்கு.

க்ரீன்வால்ட் போனதும் மீஸ் கையை விட்டுப் போச்சு மீதித் திட்டம். பாக்கி நிலத்தை வேற வேற ஆளுங்க வாங்கி வேற வேற ஆர்க்கிடெக்ட் வச்சு கட்டினாங்க. கன்னர் பர்கர்ட்ஸ் கட்டின 1300 லாஃபயட் ஈஸ்ட் டவர் அப்படி வந்ததுதான், அழகா இருக்கும், அதுவும் கோ-ஆப். எங்க வரிசை கட்டடக்கலை நாற்காலிக்காரர்கிட்ட அது அழகுன்னு சொன்னேன், ரெண்டு நாள் பேசல.

பிப்ரவரி 11

ஜனவரி 7-ல "காரணம் வடிவமைப்பு இல்ல, கணக்குப் புத்தகம்"னு முறுக்கிக்கிட்டு எழுதினேன். பாதி வாபஸ் வாங்கறேன். ஜனம் ஏன் கிளம்பிப் போகலங்கற கேள்வி ஒரு மாசமா மண்டையில ஓடுது. எனக்குத் தெரிஞ்ச பதில் மரம்.

மாமியார் ரெண்டு வருஷம் முன்னாடி கோடையில வந்து தங்கினாங்க. முதல் நாள் ஹால்ல உக்காந்துட்டு "நான் உள்ள இருக்கேனா வெளிய இருக்கேனாம்மா"ன்னு கேட்டாங்க, திரை போடச் சொன்னாங்க, எல்லாரும் பார்க்கறாங்கன்னு. நாலாம் நாள் அவங்களே திரையை விலக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "புளிய மரம் எவ்ளோ வச்சிருக்காங்க"ன்னாங்க. புளிய மரம் இல்ல அத்தே, ஹனி லோக்கஸ்ட்னு ஒரு மரம். ஆனா அவங்க சொன்னதுல தப்பில்ல, அதே குட்டிக் குட்டி இலை, அதே மாதிரி வெயிலை சல்லடை போட்டு அனுப்பற நிழல், அவரைக்காய் குடும்பமே ரெண்டும். இலை அவ்வளவு சின்னது, இலையுதிர்காலத்துல பெருக்கவே வேண்டாம், புல்லுக்குள்ள காணாமப் போயிடும்.

அந்த மரங்களை வச்சவர் ஆல்ஃபிரட் கால்ட்வெல். சிகாகோ லிங்கன் பார்க்ல அல்லிக்குளம் ஒண்ணு இருக்கே, அது அவர் பண்ணினது, ஜென்ஸ் ஜென்சன்கிற பூங்கா வடிவமைப்பாளர்கிட்ட வேலை பார்த்து வந்தவர். வீடுங்களை இப்படி நிக்க வச்சு, நடுவுல வண்டி குறுக்க ஓடற தெருவே இல்லாம பண்ணினவர் லுட்விக் ஹில்பர்சைமர், ஜெர்மனியில பௌஹவுஸ்ங்கிற வடிவமைப்புப் பள்ளி காலத்துலேர்ந்து மீஸோட கூட இருந்தவர். அவர் இளமையில வரைஞ்ச நகரப் படங்கள்ல ஒரு மரம்கூட இருக்காது, கல்லறை மாதிரி இருக்கும், பின்னாடி அவரே அது மனுஷ ஊர் இல்லன்னு சொன்னவர். சோ, எல்லாரும் சொல்ற "மீஸோட லாஃபயட் பார்க்"ல மூணுல ஒரு பங்குதான் மீஸ். நானும் முதல் நாள் அந்த ரெண்டு பேரையும் சொல்லவே இல்ல பாருங்க.

பார்க்கிங் கதை கேளுங்க. கார் நிக்கற இடம் சுத்தி இருக்கற தரையை விட சில அடி பள்ளத்துல இருக்கு. எங்க ஹால்ல நாற்காலியில உக்காந்து வெளிய பார்த்தா புல், செடி, அதுக்கு மேல மரம். நாப்பது கார் நிக்குது அங்க, பெரும்பாலும் கூரை மட்டும்தான் எட்டிப் பார்க்கும், கோடையில செடி வளர்ந்தா அதுவும் தெரியாது. கார் ஊர்ல காரை ஒளிச்சு வச்ச இடம் இது. பள்ளம் தோண்ட 1958-ல எவ்வளவோ செலவாகியிருக்கும், யாரோ ஒருத்தர் அதை வெட்டாம விட்டிருக்கார், அந்தப் புண்ணியவான் யாருன்னு எனக்கு இப்பவும் ஆசையா இருக்கு.

கட்டின புதுசுல எடுத்த போட்டோ பார்த்தா மரமெல்லாம் குச்சி. மொட்டை வெயில்ல இரும்பு டப்பா வரிசையா நிக்குது. அன்னிக்கு வந்து பார்த்திருந்தா நானே கேள்வி கேட்டவர் கட்சி.

பிப்ரவரி 12

மரம்னா அதுலயும் சனியன் உண்டு. ஆஷ்ங்கிற மரத்தைத் தின்கிற பச்சை வண்டை அமெரிக்கால முதல்ல கண்டுபிடிச்சது 2002-ல, இந்த டெட்ராய்ட் வட்டாரத்துலதான். ஊர்த் தெருவுல இருந்த ஆஷ் மரமெல்லாம் வரிசையா பட்டுப்போச்சு. ஒரே ஜாதி மரமா வச்சா ஒரே வண்டுல எல்லாம் போயிடும். எங்க ஹனி லோக்கஸ்டுக்கு அப்படி ஒண்ணு வந்தா என்னன்னு கோ-ஆப் கமிட்டில ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு கிலி கிளம்பும்.

பிப்ரவரி 25

கேள்வியில "மியூசியம்"னு ஒரு வார்த்தை இருந்துச்சு, அதுக்கு இப்பதான் வர்றேன். இந்த இடத்தை 1996-ல வரலாற்று இடங்களோட தேசியப் பதிவேட்டுல சேர்த்தாங்க, 2015-ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாங்க. ஊர்ப் பாரம்பரியக் கமிஷன்கிட்ட கேக்காம வெளிப்பக்கம் எதையும் மாத்தக் கூடாது. உள்ள உன் இஷ்டம். அடுக்களையை பச்சையா அடிச்சவங்க இருக்காங்க, பேஸ்மென்ட்ல டிரம் வாசிக்கறவர் இருக்கார், வெளியிலேர்ந்து பார்த்தா ஒரே சட்டம் ஒரே கண்ணாடி.

பிரான்ஸ்ல போர்டோ பக்கம் பெசாக்னு ஒரு இடம், லெ கார்பூசியேங்கிற கட்டடக்கலைஞர் 1920-கள்ல ஒரு சர்க்கரை ஆலை முதலாளிக்காகக் கட்டின ஐம்பது சொச்சம் வீடு. அங்க வந்தவங்க தட்டைக் கூரை மேல ஓட்டுக் கூரை வச்சாங்க, நீள ஜன்னலை அடைச்சு சின்ன ஜன்னல் ஆக்கினாங்க, கம்பத்துக்கு நடுவுல சுவர் எழுப்பி ரூம் போட்டாங்க. பல வருஷம் அதைத் தோல்வின்னு சொன்னாங்க, அப்புறம் இல்ல இல்ல ஜனம் வீட்டைத் தன்னுதாக்கிக்கிட்டாங்க அதுதான் வெற்றின்னு எழுதினாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா பழையபடி மாத்த ஆரம்பிச்சாங்க, 2016-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. எனக்கு அந்த நடுவுல வந்த ஓட்டுக் கூரை ஆளுங்க மேலதான் பாசம். ஆனா இங்க அப்படி யாராவது ஓட்டுக் கூரை வச்சா முதல் புகார் எழுதறது நானாத்தான் இருப்பேன், அது ஏன்னு கேக்காதீங்க.

நான் ரெண்டு வருஷம் ஜன்னல் கமிட்டில இருந்தேன். ஜன்னலுக்கு ஒரு கமிட்டி, சிரிங்க. ஒத்தைக் கண்ணாடியை எடுத்துட்டு ரெட்டைக் கண்ணாடி போட்டா என்னன்னு ஆரம்பிச்சோம். ரெட்டைக் கண்ணாடி கிட்டத்தட்ட ஒரு அங்குலம் தடிமன், பழசு கால் அங்குலம். சட்டத்துல இருக்கற பள்ளம் கால் அங்குலத்துக்கு வெட்டினது. அப்ப சட்டத்தையே மாத்தணும். மாத்தினா சட்டம் தடிக்கும், அந்த மெல்லிசுக் கோடுதான் இந்தக் கட்டடத்தோட மூஞ்சியே, தடிச்சா கண்ணுக்கு மை அதிகமா போட்ட மாதிரி ஆயிடும்னு ஒரு அம்மா சொன்னாங்க, கமிட்டில அதைவிட நல்ல பேச்சு நான் கேக்கல. தவிர ரெட்டைக் கண்ணாடில நடுவுல இருக்கற சீல் இருபது இருபத்தஞ்சு வருஷத்துல போகும், உள்ள பனி கோத்துக்கும், துடைக்க முடியாது, முழுசா மாத்தணும். பழைய ஒத்தைக் கண்ணாடி அறுபத்தஞ்சு வருஷமா நிக்குது, சீலே கிடையாது கெட்டுப்போக. கடைசியில உள்பக்கம் கழட்டி மாட்டற மாதிரி ரெண்டாவது கண்ணாடிப் பலகம் வைக்கலாம்னு முடிவாச்சு, வெளிய ஒண்ணும் தெரியாது. முடிவு எடுக்க பதினாலு மீட்டிங். பதினொண்ணாவது மீட்டிங் முழுக்க ரப்பரோட நிறம்.

கேள்வி கேட்டவரே, மியூசியத்துல இவ்வளவு சண்டை நடக்காது.

மார்ச் 9

தனியா மூணு பேர் கேட்டாச்சு, வாங்கலாமான்னு. வாங்கறது உங்க பாடு, ரெண்டு விஷயம் மட்டும். சாதாரண வீட்டுக் கடன் கிடைக்காது, நீங்க வாங்கறது பங்கு, பங்குக் கடன் குடுக்கற பேங்க் கொஞ்சம்தான், அதனால முதல்ல அதை விசாரிங்க. அப்புறம் கோ-ஆப் கையிருப்பு எவ்வளவு, அடுத்த அஞ்சு வருஷத்துல கூரையா குழாயா எது வருதுன்னு கணக்கைக் கேட்டு வாங்குங்க. எல்லாரும் கண்ணாடி முன்னாடி நின்னு சொக்கிப்போய் இதைக் கேக்க மறந்துடறாங்க. நானும் மறந்தவன்தான்.

ஏப்ரல் 28

பறவை சீசன். தெக்கேர்ந்து வடக்கே போற கூட்டம். காலையில ஆறரை மணிக்கு தொப்புனு ஒரு சத்தம், போய்ப் பார்த்தா பின்பக்கப் புல்லுல கைப்பிடி அளவு ஒரு குருவி, மஞ்சள் தொண்டை, வாயைத் திறந்து திறந்து மூடுது. அட்டைப்பெட்டில வச்சு மூடி நிழல்ல வச்சேன். ஒரு மணி நேரத்துல எழுந்து பறந்துடுச்சு. எல்லாம் அப்படி பறக்கறதில்ல. கண்ணாடில மரம் தெரியுது, அதுக்கு அது மரம்தான். வெளிப்பக்கம் ரெண்டு அங்குல இடைவெளில புள்ளி ஒட்டினா மோதாதுங்கறாங்க, வெளிப்பக்கம்னா கமிஷன், கமிஷன்னா கமிட்டி. பதினஞ்சாவது மீட்டிங்.

குருவி மோதினது நான் உடைச்சு மாத்தின அந்தப் பலகத்துல இல்ல, பக்கத்துப் பழைய பலகத்துல. அதைப் பார்க்கப் போனப்பதான் கவனிச்சேன். இப்ப விதிப்படி தரை வரைக்கும் வர்ற கண்ணாடி சூடேத்தி பதப்படுத்தினதா இருக்கணும், உடைஞ்சா குத்தாம பொடியாகறது. அதை உருளை மேல ஓட்டி சூடேத்தறதால லேசா அலை விழும். பழைய பலகத்துல மரம் நேரா நிக்குது. என்னோடதுல அதே மரம் தண்ணிக்குள்ள நிக்கற மாதிரி ஆடுது, நான் நகர்ந்தா அதுவும் நெளியுது. ஏழு வருஷமா அந்த வழியா போறவங்க எல்லாருக்கும் எந்த வீட்டுக்காரன் ஃபிலிம் ஒட்டினவன்னு தெரிஞ்சிருக்கு.